தாய்வழி ஏட்டில் இரண்டு மரங்கள்: வளைகுடாப் பேரீச்சையும் ஓமான் தென்னையும்

வளைகுடா மண்ணில் வளரும் பனைக் குடும்ப மரங்கள் இரண்டின் மைட்டோகாண்ட்ரியா மரபுத்தொகை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கப்பட்டிருக்கிறது. முதலாவது பேரீச்சை, அதன் முழு வரிசை 2012இல் வெளியானது. அடுத்தது தென்னை, 2016இல் வெளியானது. முதலாவதற்குக் கலாஸ் என்னும் அரேபிய ரகமும் இரண்டாவதற்கு ஓமானின் நாட்டு நெட்டைத் தென்னையும் எடுத்துக்கொள்ளப்பட்டன. இவ்விரு மரபுத்தொகை ஏடுகளிலும் வேலை செய்யும் மரபணுக்கள் கொஞ்சம்தான். மற்ற இடத்தையெல்லாம் நிரப்பியிருப்பவை வேறு இடத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட துண்டுகள், ஒரு காலத்தில் மரபணுவாக இருந்து இன்று செயலிழந்துபோன போலி மரபணுக்கள், எதற்கு இருக்கின்றன என்றே விளங்காத நீண்ட பகுதிகள். மரங்களின் கடந்த காலத்தைத் தேடுபவருக்கு இவைதான் பெரிதும் கைகொடுக்கின்றன.

மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வேறொரு செல்லுக்குள் புகுந்து நிலைத்துவிட்டது. வந்தபோது அதனிடம் ஆயிரக்கணக்கில் மரபணுக்கள் இருந்திருக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை தொலைந்தன, அல்லது செல்லின் உட்கருவுக்குள் இடம்பெயர்ந்தன. விலங்குகளில் இந்தக் குடிபெயர்வு ஏறக்குறைய முடிந்துவிட்டது. மனித மைட்டோகாண்ட்ரியாவில் எஞ்சியிருப்பவை 16,569 கார இணைகளும் (டி.என்.ஏ.வின் எழுத்துச் சோடிகள்) 37 மரபணுக்களும்தான். நடுவில் வீண் இடமே இல்லை. தாவரங்களின் கதை வேறு. அவற்றில் மரபணுக்களின் எண்ணிக்கை அதிகம் கூடவில்லை, ஆனால் டி.என்.ஏ.வின் நீளம் தாறுமாறாகப் பெருகியது. நெல்லில் அது 4,90,520 கார இணைகள். சைலீன் கோனிகா என்ற சிறு பூச்செடியில் ஒரு கோடியைத் தாண்டுகிறது. பேரீச்சையில் 7,15,001.

நீளம் கூடுவதற்கு ஒரு காரணம் 1982இல் தெரியவந்தது. மக்காச்சோளத்தின் மைட்டோகாண்ட்ரியாவில், ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்துக்கே உரிய சுமார் 12,000 கார இணைகள் கொண்ட ஒரு துண்டு அப்படியே இருப்பதை ஸ்டெர்ன், லான்ஸ்டேல் என்ற இருவர் கண்டனர். செல்லின் ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்கு டி.என்.ஏ. தாவும் என்பது அன்று வியப்பாக இருந்தது. இன்று பூக்கும் தாவரம் எதைப் பிரித்துப் பார்த்தாலும் இப்படிப்பட்ட துண்டுகள் கிடைக்கின்றன. தாவி வந்த பசுங்கணிக மரபணுவுக்கு மைட்டோகாண்ட்ரியாவில் பொதுவாக வேலை இல்லை. ஒளிச்சேர்க்கைக்கான புரதத்தை அங்கே செய்து என்ன பயன்? அதைக் காக்க வேண்டிய கட்டாயமும் இல்லாததால் எழுத்துகள் ஒவ்வொன்றாக மாறி, இடையிலேயே நிறுத்தக் குறிகள் தோன்றி, அது போலி மரபணுவாகிவிடுகிறது. புரதம் கட்ட அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் டி-ஆர்.என்.ஏ.க்கான சில மரபணுக்கள் மட்டும் விதிவிலக்கு. அவை வந்த இடத்திலேயே வேலைக்கு அமர்ந்துகொண்டன. மைட்டோகாண்ட்ரியா தன் சொந்தப் பிரதியை இழந்த பிறகு அவற்றையே நம்பி நிற்கிறது.

போலி மரபணு உருவாக இன்னொரு வழி, உட்கருவை நோக்கிய குடிபெயர்வு. இதற்கு நல்ல சான்று தமிழர் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. மூச்சுவிடும் வேலையில் முக்கியமான காக்ஸ்-2 என்ற மரபணு பெரும்பாலான தாவரங்களில் மைட்டோகாண்ட்ரியாவில்தான் இருக்கும். தட்டைப்பயறிலும் பாசிப்பயறிலும் அது அங்கே இல்லை, உட்கருவில் இருக்கிறது. நூஜென்ட், பாமர் இருவரும் 1991இல் இதைக் காட்டினார்கள். பயறு வகைக் குடும்பத்தின் மற்ற பல செடிகளில் இரண்டு இடத்திலும் பிரதி உண்டு. சோயாவில் உட்கருவின் பிரதி வேலை செய்கிறது, மைட்டோகாண்ட்ரியாவின் பிரதி பேசாமல் கிடக்கிறது. பட்டாணியில் இதற்கு நேர்மாறு. ஊரைவிட்டுப் போனவரின் பெயர் பழைய ரேஷன் அட்டையில் இன்னும் நீக்கப்படாமல் இருப்பதைப் போன்ற நிலை இது. பிரதி இரண்டான பிறகு எதை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்பதை ஒவ்வொரு கால்வழியும் தனித்தனியே தீர்த்துக்கொண்டது.

நூஜென்ட்டும் பாமரும் இன்னொன்றையும் கவனித்தார்கள். தாவர மைட்டோகாண்ட்ரியாவில் மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்தபின் அதில் குறிப்பிட்ட சில இடங்களில் 'சி' எழுத்து 'யு'வாகத் திருத்தப்படும். அந்தத் திருத்தம் இல்லாமல் சரியான புரதம் வராது. உட்கருவுக்குப் போன காக்ஸ்-2இன் எழுத்துகள் மூல மரபணுவை ஒத்திருக்கவில்லை, திருத்தப்பட்ட ஆர்.என்.ஏ.வை ஒத்திருந்தன. ஆகவே இடம்பெயர்ந்தது டி.என்.ஏ. அல்ல, திருத்தி முடித்த ஆர்.என்.ஏ. படிதான் மீண்டும் டி.என்.ஏ.வாக எழுதப்பட்டு உட்கருவில் சேர்ந்திருக்க வேண்டும். பயணம் நடந்த வழியையே எழுத்துகளிலிருந்து படித்தறிந்த அழகான வாதம் இது.

நெல்லில் ஆர்.பி.எஸ்-14 என்ற ரைபோசோம் புரத மரபணு இன்னும் விசித்திரமானது. மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் பிரதி செத்துவிட்டது. உயிருள்ள பிரதி உட்கருவில், எஸ்.டி.எச்.பி என்ற வேறொரு மரபணுவின் நடுவில் குடியிருக்கிறது. உட்கருவில் செய்த புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்ச் சேர அதன் தலைப்பில் ஒரு முகவரிக் குறி வேண்டும். புதிதாக வந்த மரபணுவுக்குச் சொந்தக் குறி ஏது? வீட்டுக்காரரின் குறியையே அதுவும் பயன்படுத்துகிறது. ஒரே ஆர்.என்.ஏ. இரண்டு விதமாக வெட்டி ஒட்டப்பட்டு இரண்டு புரதங்கள் வருகின்றன. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். செத்த பிரதியோ உடனே அழிந்துவிடவில்லை. புல் குடும்பத்திலும் அதன் உறவுகளிலும் ஆர்.பி.எஸ்-14 போலி மரபணு 8 கோடி ஆண்டுகளாக நீடிப்பதையும், பல செடிகளில் இன்றும் அது படியெடுக்கப்படுவதையும் 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எந்த வகை மரபணுக்கள் ஓடுகின்றன, எவை தங்குகின்றன என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பூக்கும் தாவரங்களின் 280 பேரினங்களைப் பாமரின் குழு ஒப்பிட்டது. ரைபோசோம் புரதங்களுக்கான 14 மரபணுக்களும் வெவ்வேறு கால்வழிகளில் திரும்பத் திரும்பக் காணாமல் போயிருந்தன. மூச்சு வேலையின் மையமான மரபணுக்களோ ஏறக்குறைய அசையாமல் இருந்தன.

இந்த அறிவெல்லாம் வளைகுடாவின் மரங்களுக்கு வந்துசேர்ந்தது பயிர் ஆராய்ச்சியின் வாயிலாகத்தான். பேரீச்சைக்கு அங்கே உள்ள பழமை பெரிது. அபுதாபியின் தல்மா தீவில், உபைத் காலத்துக் குடியிருப்பொன்றில் கிடைத்த கருகிய பேரீச்சங்கொட்டைகள் ஏறக்குறைய 7,000 ஆண்டுப் பழமையானவை என்று கதிரியக்கக் கார்பன் கணிப்பு காட்டியது. அவை தோப்பில் விளைந்தவையா, காட்டு மரத்திலிருந்து பறித்தவையா, கடல்வழி வந்த சரக்கா என்று கொட்டையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அல் ஐன் பக்கம் ஹிலியில் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டில் பேரீச்சைத் தோப்பு விவசாயம் நடந்தது உறுதி. பேரீச்சை நிழலில் தானியம், அதற்கு ஃபலஜ் வாய்க்கால் நீர் என்ற ஏற்பாடு பின்னாளில் முழு உருவம் பெற்றது; அல் ஐன் பசுஞ்சோலைகள் 2011இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பிடித்தன.

மைட்டோகாண்ட்ரியா வரலாற்றுக்கு முக்கியமானது மரத்தை நடும் முறை. பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கொட்டையிலிருந்து முளைத்தால் பாதிக்குப் பாதி ஆணாகப் போகும். பெண்ணாக இருந்தாலும் தாயின் பழச்சுவை வராது. அதனால் விவசாயி தாய் மரத்தின் அடியில் கிளைக்கும் கன்றை, அரபியில் ஃபசீலா என்பதை, வெட்டியெடுத்து நடுகிறார். கலாஸ் மரம் ஒவ்வொன்றும் இன்னொரு கலாஸ் மரத்தின் துண்டு. ஆண் மரத்தின் பூங்குலையை வெட்டி, பெண் மரத்தின் மேல் ஏறிக் கையால் மகரந்தம் சேர்ப்பது ஆண்டுதோறும் நடக்கும் வேலை; அந்த மகரந்தம் பழத்தைப் பிடிக்கவைக்குமே தவிர, நட்ட கன்றின் மரபில் நுழைவதில்லை. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் தாய் வழியாகவே இறங்குகின்றன. ஆகவே ஒரு கொட்டை எங்கோ விழுந்து புதிய ரகம் தோன்றும்போதும், உட்கரு கலந்துபோகலாம், மைட்டோகாண்ட்ரியா மட்டும் பழைய தாயின் கைநாட்டுடனே தொடர்கிறது.

பேரீச்சையின் உட்கரு மரபுத்தொகைக்கான முதல் வரைவு கத்தாரிலிருந்து வந்தது. தோஹாவின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரிக் குழு 2011இல் அதை நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளியிட்டது. சவூதியில் ரியாதின் மன்னர் அப்துல் அஜீஸ் அறிவியல் தொழில்நுட்ப நகரமும் சீனாவின் பெய்ஜிங் ஜீனோமிக்ஸ் நிறுவனமும் கூட்டாக ஒரு பேரீச்சைத் திட்டம் நடத்தின. 2010இல் அதன் பசுங்கணிகம் வந்தது: 1,58,462 கார இணைகள். 2012இல் மைட்டோகாண்ட்ரியா. 2013இல் உட்கருவின் விரிவான வரிசை. கத்தாரில் மருத்துவக் கல்லூரி ஒன்று பேரீச்சையைக் கையிலெடுத்தது விந்தையாகத் தோன்றலாம். புதிதாக வாங்கிய வரிசை வாசிப்புக் கருவிகளை நாட்டுக்கே உரிய ஒரு மரத்தில் ஓட்டிப் பார்ப்பதைவிட நல்ல தொடக்கம் அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பிரித்துப் படிப்பது சொல்வதைப் போல எளிதல்ல. ஓர் இலையை அரைத்தால் மூன்று மரபுத்தொகைகளும் சேர்ந்தே கிடைக்கும். பச்சை இலையில் பசுங்கணிக டி.என்.ஏ.வின் பிரதிகள் மிக அதிகம், மைட்டோகாண்ட்ரியாவின் பிரதிகள் அதைவிடக் குறைவு, உட்கருவின் பிரதிகள் எல்லாவற்றிலும் குறைவு. கருவி தருவதோ சிறு சிறு துணுக்குகள். ஒரு துணுக்கு பசுங்கணிக எழுத்துகளைக் காட்டினால் அது பசுங்கணிகத்திலிருந்தே வந்ததா, அல்லது என்றோ மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தாவிய பழைய பிரதியா? துணுக்கின் ஓரம் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த எழுத்துகளில் போய் முடிகிறதா, அந்தப் பகுதி எத்தனை முறை வாசிக்கப்பட்டிருக்கிறது, இடையில் எத்தனை எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன என்றெல்லாம் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த இடத்தில் போலி மரபணுவின் தேய்மானமே அடையாளச் சீட்டாகிறது.

இப்படிச் சேர்த்துக் கட்டிய பேரீச்சை வட்டத்தில் 38 புரத மரபணுக்கள், 30 டி-ஆர்.என்.ஏ. மரபணுக்கள், 3 ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்கள் இருந்தன. எல்லாம் சேர்ந்து 46,770 கார இணைகள். மொத்த நீளத்தில் 6.5 விழுக்காடு. பசுங்கணிகத்திலிருந்து வந்த பகுதி 10.3 விழுக்காடு. அதாவது சொந்த மரபணுக்கள் பிடித்திருக்கும் இடத்தைவிட வந்தேறித் துண்டுகள் பிடித்திருக்கும் இடம் ஒன்றரை மடங்கு. எஞ்சிய பெரும்பகுதியை எந்த மரபணுவோடும் பொருத்த முடியவில்லை. திரும்பத் திரும்ப வரும் நீண்ட பகுதிகள் 2.3 விழுக்காடுதான்; தாவர மைட்டோகாண்ட்ரியாவுக்கு இது குறைவு. வேர், விதை, மொட்டு, பழம், பச்சை இலை, மஞ்சள் இலை, ஆண் பூ, பெண் பூ என எட்டு உறுப்புகளில் மரபணுக்களின் இயக்கத்தை அளந்தபோது ஆண் பூ, வேர், மொட்டு, பெண் பூ ஆகியவற்றில் அது கூடுதலாக இருந்தது.

தென்னையின் கதை கடல்வழிக் கதை. ஓமானில் தென்னை செழிப்பது தெற்கே, பருவமழைச் சாரல் விழும் தோஃபார் கடற்கரையில். 14ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த இப்னு பதூதா, வெற்றிலையும் தேங்காயும் இந்தியாவுக்கு அடுத்தபடி இந்த ஊரில்தான் காணக்கிடைக்கின்றன என்ற பொருளில் எழுதி, இரண்டையும் விரிவாக விளக்கியிருக்கிறார். அதற்கும் முன்பு, 10ஆம் நூற்றாண்டில், அபூ ஸைத் அஸ்-ஸீராஃபி ஓமானியக் கப்பல்காரர்களின் ஒரு வழக்கத்தைப் பதிவு செய்தார். தச்சுக் கருவிகளுடன் தென்னை வளரும் தீவுகளுக்குப் போவார்களாம். மரத்தை வெட்டிப் பலகையாக்கி, நாரைத் திரித்துக் கயிறாக்கி, அதனாலேயே பலகைகளைத் தைத்து, பாய்மரமும் பாயும் அதே மரத்திலிருந்து செய்து, தேங்காய் ஏற்றிக்கொண்டு ஓமான் திரும்புவார்களாம். தென்னைக்குப் பக்கக் கன்று கிடையாது. தேங்காயிலிருந்துதான் முளைக்க வேண்டும். அப்படியானால் தோஃபாரில் முளைத்த முதல் தென்னைகளின் மைட்டோகாண்ட்ரியா, எந்தக் கரையின் தாய் மரத்திலிருந்து அந்தக் காய் பறிக்கப்பட்டதோ அந்தத் தாயினுடையதே. எந்தக் கரை என்பதற்கு உலகத் தென்னைகள் 1,322ஐ ஒப்பிட்ட 2011ஆம் ஆண்டு ஆய்வு ஓரளவு பின்னணி தருகிறது. தென்னை பசிபிக் பகுதியிலும் இந்தியப் பெருங்கடல் பகுதியிலும் தனித்தனியே வளர்ப்புக்கு வந்தது என்றும், இரண்டாவதன் தொடக்கம் தென்னிந்தியாவை ஒட்டிய பகுதியாக இருக்கலாம் என்றும் அது கருதியது.

ஓமான் நெட்டைத் தென்னையின் மைட்டோகாண்ட்ரியா 6,78,653 கார இணைகள் நீளம். ரியாத், பெய்ஜிங் குழுவோடு மஸ்கட்டின் சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகமும் இதில் சேர்ந்திருந்தது. கணக்கில் 72 புரத மரபணுக்கள், 9 போலி மரபணுக்கள், 23 டி-ஆர்.என்.ஏ., 3 ரைபோசோம் ஆர்.என்.ஏ. பேரீச்சையின் 38ஐயும் தென்னையின் 72ஐயும் பக்கத்தில் வைத்துத் தென்னையில் மரபணு இரட்டிப்பு என்று சொல்லிவிடக் கூடாது. தென்னையின் பட்டியலில் பசுங்கணிகத்திலிருந்து வந்த 13 புரத மரபணுக்களும் சேர்ந்திருக்கின்றன. எதை மரபணு என்று எண்ணுவது, எதைத் துண்டு என்று தள்ளுவது என்ற வரையறையும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஒப்பிடத் தகுந்தவை விழுக்காடுகள். பசுங்கணிக வரவு பேரீச்சையில் 10.3, தென்னையில் 5.07. திரும்ப வரும் பகுதிகளோ தென்னையில் 17.26 விழுக்காடு. ஒரே குடும்பத்து இரண்டு மரங்கள், நீளமும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் ஒன்று வெளியிலிருந்து வாங்கி நிரப்பியிருக்கிறது, மற்றது தன்னிடம் இருந்ததையே பிரதியெடுத்து நிரப்பியிருக்கிறது. தென்னையில் ஆர்.என்.ஏ. திருத்தம் நடக்கும் இடங்கள் 734 என்று கண்டார்கள். போலி மரபணுவை அடையாளம் காண்பதில் இந்த எண்ணுக்கும் பங்குண்டு. டி.என்.ஏ.வில் பழுதாகத் தெரியும் எழுத்து ஆர்.என்.ஏ.வில் திருத்தப்பட்டுவிட்டால் அந்த மரபணு உயிரோடுதான் இருக்கிறது. திருத்தத்தைப் பாராமல் தீர்ப்புச் சொன்னால் உயிருள்ளதைச் செத்ததாக எழுதிவிட நேரும்.

துண்டுகள் சேர்ந்து புது மரபணு பிறப்பதும் உண்டு. மக்காச்சோளத்தின் டெக்சாஸ் வகையில், ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவின் பகுதிகள் இடம் மாறி ஒட்டி, டி-அர்ஃப்-13 என்ற, அதுவரை இல்லாத மரபணு உருவானது. அதன் விளைவு ஆண் மலட்டுத்தன்மை; மகரந்தம் உருவாகாது. கலப்பின விதை தயாரிப்போருக்கு அது வசதி. 1970இல் அமெரிக்க வயல்களில் இலைக்கருகல் நோய் பரவியபோதோ அதே மரபணு அந்தச் செடிகளைக் காவு கொடுத்தது. இந்தியாவில் 1965இல் வந்த எச்.பி-1 கலப்பினக் கம்பும் மைட்டோகாண்ட்ரியா வழி ஆண் மலட்டுத்தன்மையைக் கொண்டு உருவாக்கப்பட்டதுதான்.

வளைகுடா ஆய்வுகள் அடுத்துப் போன இடம் ரகங்களுக்கு இடையிலான வேறுபாடு. கலாஸ், சுக்கரி, ஃபஹல் எனப்படும் ஆண் மரம் ஆகிய மூன்றின் மைட்டோகாண்ட்ரியாவை ஒப்பிட்டபோது ஏழு லட்சம் எழுத்துகளில் 120 இடங்களில்தான் வேறுபாட்டுக்கான அறிகுறி இருந்தது. புரதம் எழுதும் பகுதிகளில் ஏழே ஏழு. அபுதாபியின் நியூயார்க் பல்கலைக்கழகக் குழு 2015இல் 62 ரகங்களின் உட்கருவைப் படித்து, வட ஆப்பிரிக்கப் பேரீச்சைகளும் மத்தியக் கிழக்கு, தெற்காசியப் பேரீச்சைகளும் இரண்டு பெரும் பிரிவுகள் என்று நிறுவியது. 2017இல் ஓமான் மலைப்பகுதியில் காட்டுப் பேரீச்சை இன்றும் வாழ்வது தெரியவந்தது. 2019இல் கத்தார் குழு பல நாட்டுப் பேரீச்சைகளின் பசுங்கணிகத்தையும் மைட்டோகாண்ட்ரியாவையும் சேர்த்துப் படித்து, கிழக்கு, மேற்கு என்ற இரண்டோடு நில்லாத தாய்வழிக் கிளைகளை எடுத்துக்காட்டியது. அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வின்படி வட ஆப்பிரிக்க மரங்களின் உட்கருவில் கிரீட் தீவின் காட்டு ஈச்சையின் கலப்பு இருக்கிறது. தாய்வழி ஏடு ஒரு வரியை மட்டுமே சொல்லும். தந்தை வழியில் வந்த கலப்பை அறிய உட்கருவைத்தான் கேட்க வேண்டும்.

செயலிழந்த மரபணு உட்கருவிலும் கதை சொல்லும். காயாக இருக்கும் பருவத்தில் சில ரகங்கள் சிவப்பாகவும் சில மஞ்சளாகவும் இருக்கும். சிவப்பு நிறமியை இயக்கும் ஒரு மரபணுவுக்குள் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று போய்ச் செருகிக்கொண்டு அதன் புரதத்தைப் பாதியில் முறித்துவிட்டதே மஞ்சளுக்குக் காரணம் என்று அபுதாபி குழு கண்டது. இடம் விட்டு இடம் தாவும் அந்தத் துண்டுக்கு அவர்கள் இப்னு மாஜித் என்று பெயர் சூட்டினார்கள். 15ஆம் நூற்றாண்டில் ஜுல்ஃபாரில், அதாவது இன்றைய ராஸ் அல் கைமா பகுதியில், பிறந்து இந்தியப் பெருங்கடலின் வழிகளை எழுதிவைத்த மாலுமியின் பெயர் அது.